மாடல் நீராவி எஞ்சின் நொண்டி ஓடுகிறதா? வால்வு டைமிங்கைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

சின்ன நீராவி எஞ்சின் ஒன்று நொண்ட ஆரம்பித்ததும் பலருடைய கை நேராகப் போவது வால்வு டைமிங்குக்குத்தான், அதாவது சிலிண்டருக்குள் நீராவியை விடும் வால்வு எப்போது திறந்து எப்போது மூடும் என்ற அமைப்புக்கு. ரிட்டர்ன் கிராங்கை (சக்கரத்தின் கிராங்க் பின்னில் உட்கார்ந்து வால்வை ஆட்டும் சின்னக் கிராங்க்) கொஞ்சம் திருப்பிப் பார்ப்பது, வால்வு ஸ்பிண்டிலில் (வால்வை முன்பின் நகர்த்தும் கம்பி) அரைச் சுற்று ஏற்றிப் பார்ப்பது, அதிலும் சரியாகவில்லை என்றால் எதிர்ப் பக்கம் அரைச் சுற்று. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நேற்று வரை ஒழுங்காக ஓடிய எஞ்சினில் டைமிங் தானாக மாறாது, ஏதாவது ஒரு ஸ்க்ரூ தளர்ந்து ஒரு பாகம் நழுவினால்தான் மாறும், அப்படி நழுவியிருந்தால் அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் உராய்வும் கசிவும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்பவை. அவை இருக்கும்போதே டைமிங்கையும் கலைத்துவிட்டால் ஒரு பழுது இரண்டாகிவிடும், எது முதலில் இருந்தது, எது நாம் உண்டாக்கியது என்று பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் வரிசை முக்கியம்: முதலில் உராய்வு, அடுத்து கசிவு, கடைசியில் டைமிங்.

நான் மனதில் வைத்து எழுதுவது 45 மி.மீ. அல்லது 32 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் ஓடும், பியூட்டேன் கேஸில் எரியும், வெளியே இரண்டு சிலிண்டர் உள்ள, ஸ்லைடு வால்வு (தட்டின் மேல் முன்பின் சறுக்கி நீராவி வழியைத் திறந்து மூடும் வால்வு) வைத்த எஞ்சின். கொதிகலன் அழுத்தம் 40 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த அளவு எஞ்சின்களில் அது வழக்கமான எண். நிலக்கரியில் ஓடும் பெரிய 5 அங்குல கேஜ் எஞ்சினுக்கும் இதே முறை பொருந்தும், பாகங்கள் பெரிதாக இருப்பதால் வேலை இன்னும் சுலபம் என்றே சொல்வேன்.

தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றி. சேஃப்டி வால்வின் ஸ்ப்ரிங்கை இறுக்கி "கொஞ்சம் கூடுதல் பிரஷர் கொடுத்தால் ஓடிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நொண்டலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேஸ் டாங்கை நிரப்பும் இடத்தில் எந்தத் தீயும் இருக்கக் கூடாது. பியூட்டேன் காற்றைவிடக் கனமானது, மேசைக்குக் கீழே தரையில் தேங்கி நிற்கும் என்பதால் ஜன்னல் திறந்திருந்தாலும் தரைமட்டத்தில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த நட்டையும் கழற்றுவதற்கு முன் கொதிகலன் ஆறி, பிரஷர் கேஜ் பூஜ்யத்தைக் காட்டிய பிறகு ரெகுலேட்டரையும் (சிலிண்டருக்கு நீராவியைத் திறந்து விடும் வால்வு) திறந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 1: முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் இரு பக்கக் கிராங்குகளும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி விலகி இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை தள்ளும். ஆக, சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது புகைபோக்கியில் நான்கு மூச்சு கேட்க வேண்டும், அதுவும் சம இடைவெளியில். வேகமாக ஓடும்போது இதைப் பிரித்துக் கேட்க முடியாது. இரண்டு மூன்று பெட்டிகளை மாட்டி, ரெகுலேட்டரைக் குறைத்து, நடக்கிற வேகத்துக்கும் கீழே ஓட விட்டுக் கேளுங்கள். ஃபோனில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்தால் இன்னும் நல்லது, எந்தக் கிராங்க் எந்த இடத்தில் இருக்கும்போது தடுமாறுகிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம்.

நான்கில் ஒரு மூச்சு மட்டும் காணாமல் போனால் ஒரு சிலிண்டரின் ஒரு முனையில் பழுது. அந்த முனையின் கவர் கேஸ்கெட் ஊதுகிறது, அல்லது போர்ட் (நீராவி சிலிண்டருக்குள் போய் வரும் துளை) அடைபட்டிருக்கிறது, அல்லது வால்வு ஒரு பக்கமாகத் தள்ளிப் போயிருக்கிறது. இரண்டு மூச்சு காணாமல் போய், சில இடங்களில் நின்றால் கையால் தள்ளினால்தான் கிளம்புகிறது என்றால் ஒரு சிலிண்டர் முழுவதுமே வேலை செய்யவில்லை. நான்கும் கேட்கிறது, ஆனால் இரண்டிரண்டாகச் சேர்ந்து கேட்கிறது என்றால் ஒரு பக்க டைமிங்கோ, சக்கரம் அச்சில் நழுவியதோ காரணமாக இருக்கலாம். மூச்சுகளுக்கு அடியில் விடாமல் "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தால் அது உள்கசிவு. மூச்சு எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சக்கரம் தயங்கினால் எங்கோ டைட்டாகப் பிடிக்கிறது.

கேட்டதைத் தாளில் எழுதி வையுங்கள். எந்தப் பக்கம், கிராங்க் எந்த நிலையில், முன்னோக்கி ஓடும்போதா பின்னோக்கியா, சூடான உடனேயா கொஞ்ச நேரம் ஓடிய பிறகா. இந்தக் கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படி 2: இது மெக்கானிக்கல் பழுதுதானா?

எஞ்சின் ஓடும்போது பிரஷர் கேஜைப் பாருங்கள். முள் 30, 40 என்று நிலையாக நிற்கிறது, ஆனாலும் எஞ்சின் தடுமாறுகிறது என்றால் கீழ்ப் பகுதியில்தான் பழுது, தொடர்ந்து படியுங்கள். முள் மடமடவென்று இறங்கினால் முதலில் பர்னரைப் பாருங்கள். கேஸ் ஜெட்டின் துளை மிகச் சிறியது, ஒரு துளி அழுக்குப் போதும். அதைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டையே மாற்ற வேண்டியதுதான். ஜெட்டைக் கழற்றிக் கரைப்பானில் ஊற வைத்து, எதிர்த்திசையில் காற்று அல்லது கேஸ் விட்டு ஊதுங்கள்.

அப்புறம் தண்ணீர். குளிர்ந்த சிலிண்டருக்குள் நீராவி நுழைந்ததும் தண்ணீராக மாறும், தண்ணீரை நசுக்க முடியாது, அதனால் எஞ்சின் கிளம்பும்போது முட்டி முட்டி நிற்பது இயல்பு. முன்னும் பின்னும் கையால் மெதுவாகத் தள்ளித் தள்ளித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். சூடான பிறகும் புகைபோக்கி தண்ணீரைத் துப்பிக்கொண்டே இருந்தால் கொதிகலனில் தண்ணீர் அதிகம், நீராவியோடு தண்ணீரும் ஏறி வருகிறது. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

படி 3: உராய்வைத் தேடுதல்

என் கணிப்பில் நொண்டும் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் பழுது இந்தப் படியிலேயே சிக்கிவிடும், அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும். கழற்றும் முன் ரிட்டர்ன் கிராங்கிலும் அது உட்கார்ந்திருக்கும் கிராங்க் பின்னிலும் சேர்த்து ஊசியால் ஒரு மெல்லிய கோடு கீறிக்கொள்ளுங்கள், எக்சென்ட்ரிக் (அச்சில் மையம் விலகி மாட்டிய, வால்வை ஆட்டும் வட்டு) இருந்தால் அதற்கும் அச்சுக்கும் சேர்த்து ஒரு கோடு. திரும்ப மாட்டும்போது பழைய இடம் தெரிய வேண்டும்.

இரு பக்கக் கனெக்டிங் ராடையும், அதாவது பிஸ்டனின் தள்ளலைச் சக்கரத்துக்குக் கொண்டு போகும் ராடையும், கழற்றுங்கள். கப்ளிங் ராட், அதாவது சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் ராட், அப்படியே இருக்கட்டும். எஞ்சினை ஒரு நேரான பலகையில் வைத்து ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். ஏதோ ஒரு சரிவில் தானாக உருள ஆரம்பித்து, நிற்காமல் கீழே வரை வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கினால் இப்போது தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது, ஏனென்றால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இதில் பங்கில்லை.

இனி ஒரு பக்கக் கப்ளிங் ராடை மட்டும் விட்டுவிட்டு மறுபக்கத்ததைக் கழற்றுங்கள். மாட்டியிருக்கும் பக்கத்தின் கிராங்க் சரியாக முன்னால் அல்லது சரியாகப் பின்னால் வரும் இடத்தில், அதாவது டெட் சென்டரில் பிடித்தால், ராடின் துளைகளுக்கு நடுவே உள்ள தூரமும் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரமும் ஒன்றாக இல்லை. அந்த இடத்தில்தான் நீள வித்தியாசம் ஒளிய வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும், கிராங்க் மேலேயோ கீழேயோ இருக்கும்போது சக்கரம் ஒரு நூலளவு திரும்பி அதைச் சமாளித்துவிடும். அடுத்த பக்கத்தையும் இதே போலத் தனியாகச் சோதியுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சுலபமாகச் சுற்றுகிறது, சேர்த்து மாட்டினால் மட்டும் பிடிக்கிறது என்றால் ராடுகளில் குறையில்லை, ஏதோ ஒரு சக்கரம் அச்சில் நழுவி 90 டிகிரி கலைந்திருக்கிறது.

ராட் நீளம்தான் பழுது என்றால், வித்தியாசம் நூலளவில் இருக்கும்போது புஷ்ஷின் (ராடின் முனையில் உள்ள வளையம்) துளையை ரீமரால் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால் போதும். 0.1 மி.மீ. பிளே (ஆட்டம்) இந்த அளவு எஞ்சினுக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் எல்லாத் துளையையும் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக்கும் பழக்கம் வேண்டாம், பிடிக்கிற ராடில், பிடிக்கிற துளையில் மட்டும். அதற்கும் முன்னால் கிராங்க் பின் நட்டு அளவுக்கு மீறி இறுகி ராடைப் பக்கவாட்டில் நசுக்குகிறதா என்று பாருங்கள். கையால் ராடை வெளியேயும் உள்ளேயும் அசைத்தால் லேசாக ஆட வேண்டும்.

சக்கரம் நழுவியிருந்தால் அதைக் கழற்றி, அச்சையும் துளையையும் அசிட்டோனால் எண்ணெய் இல்லாமல் துடைத்து, லாக்டைட் ரிட்டெய்னர் பசை போட்டுத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். கோணம் வைக்கத் தடித்த கண்ணாடித் தட்டும் இரண்டு வி-பிளாக்கும் (வி வடிவப் பள்ளம் உள்ள கட்டை) ஒரு சின்ன மட்டமூலையும் போதும். அச்சை வி-பிளாக்குகளில் படுக்க வைத்து, ஒரு பக்கக் கிராங்க் பின்னை மட்டமூலையின் உதவியால் அச்சுக்கு நேர் மேலே நிறுத்துங்கள். மறுபக்கப் பின்னின் மையம் கண்ணாடியிலிருந்து அச்சு மையத்தின் அதே உயரத்தில் வரும்படி கீழே முட்டுக் கொடுங்கள். கோணம் துல்லியமாக 90 வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம். எல்லா அச்சிலும் ஒரே கோணம் இருப்பதுதான் முக்கியம், எல்லாமே 89 என்றால் எஞ்சின் அழகாக ஓடும், ஒன்று 90 ஆகவும் மற்றது 88 ஆகவும் இருந்தால் ஓடவே ஓடாது. அதனால் எல்லா அச்சையும் அதே முட்டுகளை வைத்தே அமையுங்கள், எந்தப் பக்கக் கிராங்க் முந்துகிறது என்பதும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும்.

சுற்றுக்கு ஒரே ஒரு முறை, ராடே இல்லாமல் சுற்றினாலும் ஓர் இடத்தில் பிடிக்கிறது என்றால் அச்சு வளைந்திருக்கும், அல்லது எக்சென்ட்ரிக் ஏதாவது ஒன்றில் உரசும், அல்லது அச்சில் நூலோ முடியோ சுற்றியிருக்கும். தோட்டத்தில் ஓட்டுபவர்கள் கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள், தலைமுடி ஆக்சில் பாக்ஸுக்குள் இறுகிச் சுற்றிக்கொண்டால் நம்ப முடியாத அளவு பிடிக்கும்.

சக்கரங்கள் சரி என்று ஆனதும் பிஸ்டனுக்கு வாருங்கள். ரெகுலேட்டரைத் திறந்து வைத்துவிட்டு, கனெக்டிங் ராட் இல்லாத நிலையில் கிராஸ்ஹெட்டை (பிஸ்டன் ராடின் முனையில் உள்ள சறுக்கும் கட்டை) கையால் பிடித்து முழு நீளத்துக்கும் மெதுவாகத் தள்ளி இழுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள், இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி டைட் என்றால் பெரும்பாலும் கிளாண்ட் (பிஸ்டன் ராட் சிலிண்டரை விட்டு வெளியே வரும் இடத்தில் கசிவை அடைக்கும் பாகம்) நட்டுதான், கசிகிறதே என்று யாரோ இறுக்கியிருப்பார்கள். விரலால் இறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரால் லேசாக ஒரு தொடல், அவ்வளவுதான் வேண்டும். ஒரு முனைக்கு வரும்போது மட்டும் டைட் ஆனால் ஸ்லைடு பார் (கிராஸ்ஹெட் சறுக்கும் கம்பி) சிலிண்டரோடு இணையாக இல்லை. அதன் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கிராஸ்ஹெட்டை அந்த முனைக்குக் கொண்டு வந்து வைத்து, அந்த நிலையிலேயே இறுக்குங்கள்.

இதோடு இன்னொன்றையும் அளந்துவிடுங்கள். பிஸ்டனை முன் கவரில் முட்டும்வரை தள்ளி, கிராஸ்ஹெட்டின் விளிம்பு நிற்கும் இடத்தை ஸ்லைடு பாரில் பென்சிலால் குறியுங்கள், பின் கவரில் முட்டும் இடத்தையும் குறியுங்கள். கனெக்டிங் ராடை மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் கிராஸ்ஹெட் இந்த இரண்டு குறிக்குள்ளேயே நிற்க வேண்டும், இரு முனையிலும் மிஞ்சும் இடைவெளி கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். ஒரு முனையில் இடைவெளியே இல்லை என்றால் பிஸ்டன் கவரை முட்டுகிறது, அந்த "டக்" சத்தத்தைத்தான் பலர் வால்வு சத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிஸ்டன் ராட் கிராஸ்ஹெட்டில் திருகியிருக்கும் இடத்தில் கொஞ்சம் உள்ளே வெளியே எடுத்துச் சரி செய்யலாம்.

படி 4: காற்றை விட்டுக் கசிவு பார்த்தல்

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஆனால் அடுப்பு மூட்டாமல், காற்றில் ஓட்டிப் பாருங்கள். சூடில்லாமல், அவசரமில்லாமல், எந்த இடத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே சோதிக்க இதுதான் வழி. சேஃப்டி வால்வைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு டியூப் வால்வைப் பொருத்தும் அடாப்டர் இருந்தால் கார் டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்பே போதும். சேஃப்டி வால்வு இப்போது இல்லை என்பதால் 20 பிஎஸ்ஐக்கு மேல் போகாதீர்கள், பஞ்சர் கடை கம்ப்ரசரின் குழாயை நேரடியாகச் செருகும் யோசனையே வேண்டாம். காற்று விடும் முன் சிலிண்டருக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள், காற்று எண்ணெயைக் கொண்டு வராது.

சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்படி எஞ்சினை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் சுமை இல்லாமல் 10 பிஎஸ்ஐக்குள்ளேயே மெதுவாகச் சுற்றும். இதற்கு 20 தேவைப்பட்டால் எங்கோ உராய்வோ கசிவோ மிச்சம் இருக்கிறது. இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: ஸ்லைடு வால்வு தன் தட்டில் உட்கார்ந்திருப்பது நீராவி அழுத்தத்தால்தான். எஞ்சினைக் கவிழ்த்து வைத்திருந்தாலோ பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தாலோ வால்வு தட்டிலிருந்து விலகி விழுந்து கிடக்கும், காற்று விட்டதும் எல்லாம் நேராகப் புகைபோக்கி வழியாகப் போகும். எஞ்சினை நிமிர்த்தி, ஸ்டீம் செஸ்டை (வால்வு இருக்கும் அறை) ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டி, ரெகுலேட்டரைச் சட்டென்று திறந்தால் வால்வு போய் உட்கார்ந்துகொள்ளும். இது தெரியாமல் நல்ல வால்வைக் கழற்றித் தேய்த்தவர்கள் உண்டு.

வெளிக்கசிவைக் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீர் போதும். சிலிண்டர் கவர், ஸ்டீம் செஸ்ட் கவர், கிளாண்ட், பைப் இணைப்புகள் எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் தடவி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றைத் திறந்தால் குமிழி வரும் இடம்தான் கசிவு.

உள்கசிவுதான் சிரமம், ஏனென்றால் பிஸ்டனைத் தாண்டிப் போனாலும் வால்வைத் தாண்டிப் போனாலும் சத்தம் ஒரே புகைபோக்கியில்தான் கேட்கும். இதைப் பிரிக்க ஒரு நம்பகமான வழி இருக்கிறது. சந்தேகப்படும் சிலிண்டரின் முன் கவரைக் கழற்றிவிடுங்கள். ரிவர்ஸர் (ஓடும் திசையை மாற்றும் லீவர்) முன்னோக்கி இருக்கட்டும். பிஸ்டன் பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டிருக்கும் பாதி வழியில், அதாவது நீராவி பின் அறைக்குப் போகும் நிலையில், சக்கரத்தை நகராமல் முட்டுக் கொடுத்துப் பிடியுங்கள். திறந்து கிடக்கும் முன் முனையில் பிஸ்டன் விளிம்பிலும் போர்ட் வாயிலும் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டுக் காற்றைத் திறங்கள். பிஸ்டன் விளிம்பில் எண்ணெய் குமிழியிட்டால் பிஸ்டன் கசிகிறது. போர்ட் வாயிலிருந்து காற்று வந்தால் வால்வு தட்டில் ஒட்டவில்லை. கண்ணுக்கு முன்னால் பதில் கிடைத்துவிடும், ஊகத்துக்கு இடமே இல்லை.

மாமோட் எஞ்சின் போல சிலிண்டரே ஆடும் வகையாக இருந்தால் தனியாக வால்வு கிடையாது, சிலிண்டரின் முகமும் அது உரசும் தட்டும்தான் வால்வு. கசிவும் பெரும்பாலும் அங்கேதான். இரண்டு முகத்தையும் சமமாகத் தேய்த்து, ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தால் மாற்றினால் எஞ்சின் புது உயிர் பெறும்.

படி 5: கசிவைச் சரி செய்தல்

பிஸ்டனில் ஓ-ரிங் இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். தட்டையாகி, கடினமாகி, விரிசல் விட்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கறுப்பு நைட்ரைல் ரிங்கை வாங்கிப் போடாதீர்கள். 40 பிஎஸ்ஐயில் நீராவியின் வெப்பம் சுமார் 141 டிகிரி செல்சியஸ், நைட்ரைல் அதற்குத் தாங்காது. விட்டான் ரிங் 200 டிகிரி வரை தாங்கும். ரிங் சிலிண்டரில் லேசாகத் தொட்டால் போதும், ஹைட்ராலிக் வேலைக்குப் போடுவது போல இறுக்கிப் போட்டால் கசிவு போகும், அந்த இடத்தில் உராய்வு வந்து உட்காரும். பழைய முறையில் கிராஃபைட் நூல் பேக்கிங் சுற்றியிருந்தால் அதையே புதிதாகச் சுற்றலாம். கிளாண்டுக்கும் அதே நூல், அல்லது டெஃப்லான் டேப்பை முறுக்கித் திரித்துச் சுற்றுவது நன்றாகவே வேலை செய்யும்.

வால்வு முகம் கசிந்தால் தடித்த கண்ணாடி ஒன்றின் மேல் 1000 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, எண்ணெய் விட்டு, வால்வை விரலால் லேசாக அழுத்தி எட்டுப் போடும் விதமாகத் தேயுங்கள். முகம் முழுவதும் ஒரே மாதிரி மங்கலான நிறம் வந்தால் போதும். தேய்த்த பொடி ஒரு துகள்கூட மிஞ்சாமல் கழுவுங்கள், அது சிலிண்டருக்குள் போனால் தேய்ப்பது நிற்கவே நிற்காது. திரும்ப மாட்டும்போது வால்வு அதன் நட்டின் மேல் சுதந்திரமாக மேலும் கீழும் அசைகிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஸ்பிண்டிலோடு முன்பின் போகும் திசையில் ஆட்டம் இருக்கக் கூடாது, தட்டிலிருந்து எழும் திசையில் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். இந்த நட்டு சற்று கோணலாக மாட்டிக்கொண்டு வால்வை ஒரு பக்கம் தூக்கிப் பிடிப்பதால் நொண்டும் எஞ்சின்கள் நிறைய.

படி 6: இப்போது டைமிங்

உராய்வும் இல்லை, கசிவும் இல்லை, ஆனாலும் மூச்சு சமமாக இல்லை. சரி, இனி டைமிங்கைப் பார்க்கலாம், அப்போதும் முதலில் கண்ணால் மட்டும். ரிட்டர்ன் கிராங்க் கோடு நகர்ந்திருக்கிறதா, எக்சென்ட்ரிக்கை அச்சில் பிடித்திருக்கும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா?

டெட் சென்டரைக் கண்ணால் மதிப்பிட்டால் தப்பாகத்தான் வரும், ஏனென்றால் அந்த இடத்தில் சக்கரம் பல டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் நகர்வதே தெரியாது. இப்படிச் செய்யுங்கள். ஃப்ரேமில் ஒரு கம்பியை முள் போலச் சக்கர விளிம்புக்குப் பக்கத்தில் நிறுத்திவையுங்கள். சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றி, கிராஸ்ஹெட் முனைக்கு வருவதற்குச் சற்று முன் நிறுத்தி, கிராஸ்ஹெட் இடத்தையும், முள்ளுக்கு நேரே சக்கர விளிம்பையும் குறியுங்கள். பிறகு டெட் சென்டரைத் தாண்டிச் சுற்றி, கிராஸ்ஹெட் அதே குறியையும் தாண்டிப் போன பின், சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பி அந்தக் குறிக்குக் கொண்டுவந்து, சக்கரத்தில் இரண்டாவது குறி போடுங்கள். தாண்டிப் போய்த் திரும்பி வரச் சொல்வது பேரிங்குகளில் உள்ள பிளே இரண்டு முறையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பதற்காக. இரண்டு சக்கரக் குறிக்கும் சரி நடுவில் முள் நின்றால் அதுதான் டெட் சென்டர். இதேபோல மறுமுனைக்கும்.

ஸ்டீம் செஸ்ட் கவரைத் திறந்து, ரிவர்ஸர் முழு முன்னோக்கி இருக்க, முன் டெட் சென்டரில் முன் போர்ட் எவ்வளவு திறந்திருக்கிறது, பின் டெட் சென்டரில் பின் போர்ட் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு முனை சீக்கிரமாகவும் மறுமுனை தாமதமாகவும் திறந்தால் வால்வு ஸ்பிண்டிலில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறது, அதன் நட்டை நகர்த்தி இரண்டையும் சமமாக்குங்கள். இரண்டு முனையுமே சேர்ந்து சீக்கிரம், அல்லது இரண்டுமே சேர்ந்து தாமதம் என்றால் ஸ்பிண்டிலைத் தொடாதீர்கள், எக்சென்ட்ரிக் அல்லது ரிட்டர்ன் கிராங்கின் கோணம்தான் மாறியிருக்கிறது. டைமிங் வேலையில் இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் பொறுமையின் வேலைதான். எம்2 மரையில் ஒரு முழுச் சுற்று 0.4 மி.மீ., அரைச் சுற்று 0.2. போர்ட்டே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம் உள்ள எஞ்சினில் அரைச் சுற்று என்பது பெரிய மாற்றம். பிரிட்டிஷ் எஞ்சின்களில் பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை இருக்கலாம், 8 பிஏ மரையில் சுற்றுக்கு 0.43 மி.மீ. வரும். அதில் எம்2 நட்டைப் பலவந்தமாகத் திருகி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

வால்ஷார்ட்ஸ் கியர் உள்ள எஞ்சின் என்றால், அதாவது 1844இல் பெல்ஜியத்தின் எகிட் வால்ஷார்ட்ஸ் உருவாக்கிய, இந்திய ரயில்வேயின் டபிள்யூபி, டபிள்யூஜி எஞ்சின்களில் வெளியே தெரியும்படி ஓடிய அதே வால்வு இயக்க அமைப்பு என்றால், கவரைத் திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். டெட் சென்டரில் சக்கரத்தை நிறுத்தி, ரிவர்ஸரை முழு முன்னோக்கியிலிருந்து முழுப் பின்னோக்கிக்கு மெதுவாக நகர்த்துங்கள். வால்வு ஸ்பிண்டில் அசையவே கூடாது. முன் டெட் சென்டர், பின் டெட் சென்டர் இரண்டிலும் அசையாமல் நின்றால் ரிட்டர்ன் கிராங்க் சரியான கோணத்தில் இருக்கிறது. அசைந்தால், அசைவு நிற்கும் வரை ரிட்டர்ன் கிராங்கைத் துளித்துளியாகத் திருப்புங்கள், பிறகே ஸ்பிண்டிலைச் சமப்படுத்துங்கள். சின்ன மாடல்களில் அழகுக்காக மட்டும் வைத்த போலி வால்ஷார்ட்ஸ் கியரும் உண்டு, உண்மையான எக்சென்ட்ரிக் ஃப்ரேமுக்கு உள்ளே ஒளிந்திருக்கும், எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீராவி வரும் வழியும் கழிவு நீராவி போகும் வழியும் இடம் மாறுவதால் ரிவர்ஸ் ஆகும் எஞ்சின்களும் உண்டு, இவற்றில் பெரும்பாலும் பிஸ்டன் வால்வு (உருளை வடிவ வால்வு) இருக்கும். இவற்றில் எக்சென்ட்ரிக் கிராங்குக்குச் சரியாக 90 டிகிரியில் இருக்க வேண்டும், இரு திசைக்கும் அதே ஒரு கோணம்தான். ஆகவே ஒரு திசையில் துள்ளி ஓடி, மறு திசையில் தவழ்கிறது என்றால் எக்சென்ட்ரிக் நழுவிவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

படி 7: காற்றில் நன்றாக ஓடுகிறது, சூடானால் பிடிக்கிறது

இது தனிக் கதை, இதற்கு டைமிங் ஒருபோதும் காரணமில்லை. முதல் சந்தேகம் கொதிகலன் மேல். செம்புக் கொதிகலன் 200 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியிலிருந்து 141 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட 0.4 மி.மீ. நீளும். கீழே ஃப்ரேம் அவ்வளவு சூடாகாது. கொதிகலன் ஸ்மோக்பாக்ஸ் (புகைபோக்கிக்குக் கீழே உள்ள முன் அறை) முனையில் இறுக்கமாகவும், கேப் (ஓட்டுநர் அறை) பக்க முனையில் நகர இடம் கொடுத்தும் பொருத்தப்பட வேண்டும். இரண்டு முனையையும் இறுக்கிவிட்டால் நீளும் கொதிகலன் ஃப்ரேமை வளைக்கும், அச்சுகள் இறுகும், ஆறியதும் எல்லாம் சரியாகிப் பழுதே இல்லாதது போல நிற்கும். பின் முனை ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு முறை நீராவியில் ஓட்டிப் பாருங்கள், இதுதான் காரணம் என்றால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது சந்தேகம் டெஃப்லான் பிஸ்டன் அல்லது ரிங். டெஃப்லான் உலோகங்களைவிடப் பல மடங்கு விரியும், குளிரில் கச்சிதமாக இருப்பது சூட்டில் இறுகும். மூன்றாவது எண்ணெய். கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு முனகி, மெதுவாகி நின்றால் லூப்ரிகேட்டர் (சிலிண்டருக்கு எண்ணெய் கொடுக்கும் சின்னக் கலன்) காலியாகியிருக்கும் அல்லது அதன் துளை அடைபட்டிருக்கும். டிஸ்பிளேஸ்மென்ட் லூப்ரிகேட்டரில் நீராவி குளிர்ந்து தண்ணீராகி அடியில் இறங்கி, எண்ணெயை மேலே தள்ளி நீராவிக் குழாய்க்குள் அனுப்புகிறது. ஓட்டம் முடிந்து திறந்தால் அடியில் தண்ணீரும் மேலே கொஞ்சம் எண்ணெயும் இருக்க வேண்டும். நிரப்பிய எண்ணெய் அப்படியே இருந்தால் துளை அடைப்பு. இதில் ஊற்ற வேண்டியது ஐஎஸ்ஓ 460 தரத்து ஸ்டீம் ஆயில். தையல் மிஷின் எண்ணெய் ராடுகளுக்கும் அச்சுகளுக்கும் நல்லது, ஆனால் 141 டிகிரி ஈர நீராவியில் சிலிண்டர் சுவரிலிருந்து நொடியில் கழுவிக்கொண்டு போய்விடும். தேங்காய் எண்ணெயை எந்த இடத்துக்கும் பயன்படுத்த வேண்டாம், அது காலப்போக்கில் பிசினாக இறுகிப் புதிய பழுதை உண்டாக்கும்.

படி 8: திரும்ப மாட்டி ஓட்டுதல்

கேஸ்கெட்டுகளில் எண்ணெய் தடவி மாட்டுங்கள், ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கனெக்டிங் ராட் மாட்டியதும் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று, பிறகு ரிட்டர்ன் கிராங்க் மாட்டியதும் ஒரு சுற்று என்று ஒவ்வொரு பாகத்துக்குப் பின்னும் சுற்றிப் பாருங்கள், எந்தப் பாகம் மாட்டியதும் பிடிக்க ஆரம்பித்தது என்று அப்போதே தெரிந்துவிடும். பிறகு மீண்டும் காற்றில் 10 பிஎஸ்ஐயில் இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். அதில் நான்கு மூச்சும் சமமாகக் கேட்டால் சேஃப்டி வால்வைத் திரும்பப் போட்டு, லூப்ரிகேட்டரை நிரப்பி, அடுப்பை மூட்டுங்கள்.

முதல் நீராவி ஓட்டத்தில் சுமை எதுவும் மாட்டாதீர்கள். புதிதாகப் போட்ட பேக்கிங் கொஞ்சம் பிடிக்கும், ஒன்றிரண்டு டாங்க் கேஸ் ஓடியதும் படிந்துவிடும், அதுவரை கிளாண்டில் லேசாக ஆவி வந்தால் இறுக்கப் போகாதீர்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு சிலிண்டர் கவர் ஸ்க்ரூக்களையும் கிராங்க் பின் நட்டுகளையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள், சூடாகி ஆறும் முதல் தடவையில்தான் அவை அதிகம் தளரும். லூப்ரிகேட்டரின் தண்ணீரை வடித்துவிட்டு, ரிட்டர்ன் கிராங்கில் நீங்கள் கீறிய கோடு அதே இடத்தில் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.